ஐந்தரை மணி வேனும் என் ஒற்றைப் பங்கும்

அக்கா,

நம் கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. உங்கள் மகனின் கையெழுத்து. கூட்டத்தில் ஒரே தீர்மானம்: 'பெரும்பாக்கம் குடியிருப்புப் பெண்களை வேலைக்கு ஏற்றிச் செல்வது' என்ற வரியைக் கம்பெனியின் நோக்கங்களிலிருந்து நீக்க வேண்டுமாம். இரண்டு வேன்களும் இனி ஐ.டி. ஊழியர்களுக்கு.

அந்த வரியை நான்தான் எழுதினேன், தாம்பரத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நகரத்துக்குள் இருந்த அந்தப் பெண்களின் குடிசைகளை எடுத்துவிட்டு அரசாங்கம் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தது; அவர்கள் பார்த்த வீட்டு வேலையோ பழைய இடத்திலேயே இருந்தது. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் நீங்கள் வேன் வாங்கினீர்கள். பஸ் கண்டக்டராக இருந்த நான், முதல் வண்டி காலை ஐந்தரைக்கு என்று நேரம் போட்டுக் கொடுத்தேன்.

"செக்‌ஷன் எட்டு கம்பெனியா பதிவு பண்ணலாம்க்கா" என்று கெஞ்சினேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய கம்பெனிச் சட்டத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துப் படித்தவன் நான். அப்படிப் பதிந்தால் அது தொண்டு நிறுவனம்; லாபத்தை யாரும் பிரித்துக்கொள்ள முடியாது. மூடினாலும் வேன்கள் அதே மாதிரி இன்னொரு நிறுவனத்துக்குத்தான் போகும், பிள்ளைக்குப் போகாது.

நீங்கள் சிரித்தீர்கள். "வக்கீல் கண்டக்டரே, அந்த லைசென்ஸ் வர்றதுக்குள்ள அந்தப் பொண்ணுங்க வேலையே போயிடும். பிரைவேட் லிமிடெட் போதும். நோக்கம்தான் எழுதியாச்சே!"

முக்கால்வாசிப் பங்கு கையில் இருந்தால் அந்த வரியை அடித்துவிடலாம் என்றேன்.

"அது நான்தானே? நான் அடிப்பேனா?"

எனக்கு ஒரே ஒரு பங்கு எழுதிக் கொடுத்தீர்கள்.

இதற்கெல்லாம் எனக்குக் கோபமில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடிட்டர்கிட்ட சொல்லிட்டேன் தம்பி, செக்‌ஷன் எட்டுக்கே மாத்திடலாம்" என்றீர்களே, அதற்குத்தான். ஊரப்பாக்கம் வரை ரயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனேன். பங்கு மாற்றிய படிவத்தை நேற்றுதான் பார்த்தேன். என்னிடம் அப்படிச் சொன்னதற்கு முந்தைய வாரமே மகன் பேருக்கும் மருமகள் பேருக்கும் எழுதிவிட்டீர்கள். கையெழுத்து நடுங்கக்கூட இல்லை. 'என் பையனுக்குத்தான்' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதோடு போயிருக்கும்.

இன்று காலை வேன் நிற்குமிடத்தில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "இன்னா சார், வண்டி இனிமே வராதாமே? மூணு பஸ் மாறி நான் போறதுக்குள்ள அந்தம்மா வேற ஆள வெச்சிடும். அக்கா இருந்தா வுட்டிருக்குமா?"



உங்கள் மகன் போன் செய்தான். "அந்த ஒரு ஷேரையும் குடுத்துடுங்க அங்கிள், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" தர மாட்டேன் என்றேன். கூட்டத்துக்குப் போவேன். தீர்மானம் நிறைவேறிவிடும், தெரியும். எதிராக ஒன்று என்று குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன்.

அந்த ஒன்று நீங்கள் கொடுத்தது, அக்கா.