அடுப்புக்கு மேலே ஒரு கம்பி

நுவரெலியா,
9.7.1936

அன்புள்ள மச்சானுக்கு,

"என் வாடகை வீட்டு ஒயரால ஒங்களுக்கு என்னங்க வாத்தியாரே?" என்று, கம்பியை மாற்றச் சொன்ன என்னிடம் தைப்பூசத்தன்று கேட்டீர்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று அந்த வீட்டில் குடியிருக்கும் காளியாயியைப் பார்க்கப் போனேன். விடாத மழை. அடுப்புக்கு மேலே தொய்ந்து கிடக்கும் மின்சாரக் கம்பியை அவள் துணி காயப்போடும் கொடியாக்கியிருக்கிறாள். புகையிலும் சூட்டிலும் அதன் உறை பாதி உரிந்துவிட்டது.

"கை வைக்கும்போது ஒண்ணும் தெரியலியாம்மா?"

"வெரலு மரத்துப்போகுதுங்க. இந்தக் குளுருக்கு யாருக்குத்தான் மரக்காது?" என்று சிரித்தாள்.

அது குளிரல்ல, கம்பியில் கசியும் மின்சாரம் என்று சொன்னதும் கம்பியைவிட என்னைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தாள். "வெளிய சொல்லிப்புடாதீங்க. வீட்டப் பூட்டிட்டா புள்ளைகளோட எங்கங்க போவேன்?"

தனியாக ஒரு கயிறு கட்டிக் கொடுத்தேன். பழகிய கை கம்பிக்கே போகிறது. பள்ளியிலும் இப்படித்தான், கால் உடைந்த பெஞ்சு என்று தெரிந்தும் பிள்ளைகள் தங்கள் பழைய இடத்தில்தான் போய் உட்காருவார்கள்.

நகரசபைக்கு விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டேன். அதைக் கொடுத்தால் அக்கா என் வாசலை மிதிக்க மாட்டாள் என்பதும் தெரியும். திங்கட்கிழமைக்குள் நீங்களே ஆள் வைத்துக் கம்பியை மாற்றிவிட்டால் கிழித்துவிடுகிறேன். இல்லையென்றால் கொடுத்துவிடுவேன்.

அதற்குமுன் ஒன்று செய்யுங்கள். மழை பெய்யும்போது அந்த அடுப்படியில் வந்து உட்காருங்கள். காளியாயி ஈரத் துணியோடு கையை உயர்த்தும்போது, என்னிடம் கேட்டதை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

திங்கள்வரை காத்திருக்கும்,
உங்கள் மைத்துனன்