உன் நாவலில் என் அடுப்படி

என் தங்கமே, கலாமணி,

உன் நாவல் அச்சாகி வந்துவிட்டது. நீ போய் ஒன்றரை வருஷம் கழித்து, உன் சிநேகிதி ஃபௌசியா உன் லேப்டாப்பிலிருந்து எடுத்துப் புத்தகமாக்கியிருக்கிறாள். உக்கடத்திலிருந்து வெயிலில் ஸ்கூட்டரில் வந்தவளுக்கு மோர்கூடக் கொடுக்காமல் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

தேவதைக் கதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று உன்னைக் கேலி செய்தவள் நான். ஆனால் முதல் பாதியை ஒரே மூச்சில் படித்தேன். வால்பாறை மூட்டத்துக்குள் ஏழு தேவதைகளின் வீடு. அணையாத அடுப்பு, காய்ந்த கம்பளி, நனைந்து வருகிறவளுக்கு நெய் மிதக்கும் அரிசிம்பருப்புச் சோறு. அங்கேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்புறம் அந்தப் பன்னிரண்டாம் அத்தியாயம். மலைக்கு அடியில் இருக்கும் பூதத்திடமிருந்து ஒரு பெண் தப்பி ஓடிவருகிறாள். பெரிய தேவதை அவளுக்குத் தலை துவட்டிவிடுகிறாள், வயிறு நிறையச் சோறு போடுகிறாள், தூக்குப்போசியில் பலகாரம் கட்டிக் கொடுத்து அதே பூதத்திடம் திருப்பி அனுப்புகிறாள். பக்கத்து மலைத் தேவதைகள் என்ன பேசுவார்கள் என்பதுதான் அவளுக்குக் கவலை.

என் வீட்டுக்காரர், உன் மாமா, படித்துவிட்டு, "ஏம்புள்ள, இந்தப் பெரிய தேவதை உன்னையாட்டவே இருக்குதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாலு நாள் அவரோடு நான் பேசவில்லை.

தாராபுரத்தில் உன் புருஷன் வீட்டிலிருந்து நீ மூன்று தடவை ஓடிவந்தாய். முதுகில் அவன் அடித்த தழும்பைக் காட்டினாய். மூன்று தடவையும் சோறு போட்டு பஸ் ஏற்றிவிட்டேன். நாலாவது தடவை உன்னை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். மாடிப்படியில் விழுந்தாய் என்றான் உன் புருஷன். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு எதற்கடி என் அடுப்படியை அத்தனை ஆசையாக எழுதினாய்? திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று ஃபௌசியா போன் செய்தாள். "அக்கா, ரெண்டாவது தடவை அச்சுக்குப் போகுதுங்க. ஏதாச்சும் மாத்தோணுங்களா?"

பன்னிரண்டாம் அத்தியாயத்தை எடுத்துவிடு என்றேன். எடுத்தால் யாருக்குத் தெரியும்? "சரிங்கக்கா" என்றாள்.

போனை வைத்துவிட்டு அதை இன்னொரு முறை படித்தேன். வாசலில் அந்தப் பெண், "நான் இங்கயே இருந்துக்கட்டுங்களா?" என்று கேட்கிறாள். பெரிய தேவதை பதில் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பொய். எனக்காக நீ எழுதின பொய். மூன்றாவது தடவை வந்தபோது நீ என்னிடம் இதையேதான் கேட்டாய்; அன்றைக்கு என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. பதிலும் சொன்னேன்.

ஃபௌசியாவைத் திரும்பக் கூப்பிட்டேன். அத்தியாயம் அப்படியே இருக்கட்டும், அந்தக் கண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு நான் சொல்வதை எழுதிக்கொள் என்றேன். எழுதும்போது அவள் அழுதாள். இனி எத்தனை முறை அச்சானாலும் பெரிய தேவதை இதைத்தான் சொல்வாள், சத்தியம்:

"செத்தாலும் அவனூட்லயே செத்துக்க கண்ணு. இன்னொருக்கா இங்க வந்து நிக்காத."

இதைச் சொன்னவள்,
உன் கூடப் பிறந்த அக்கா