மஞ்சள் கோடு உடையவில்லை, அக்கா

சாவியை ஹெல்மெட்டுக்குள் போட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடும் என் சுமதி அக்காவுக்கு,

உன் ஸ்கூட்டர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. இடது பக்கம் கொஞ்சம் சிராய்ப்பு, ஒரு கண்ணாடி இல்லை, அவ்வளவுதான். உன்னைக் கீழே தள்ளிய வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கிறது. அதன் மேல்கூட எனக்குச் சந்தேகம் வருகிறது.

மேம்பாலத்து இறக்கத்தில் நீ கண்மண் தெரியாமல் வந்தாய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். "டெலிவரி ஓட்றவங்க எல்லாம் ஹீகே, இப்டித்தான். ஸ்பீடப்பா, ஸ்பீடு" என்றார் ஏட்டு, பாதிக் கன்னடத்தில். வண்டியைப் பார்த்த அதிகாரி பிரேக் நன்றாக இருந்தது என்று எழுதினாராம். லிவரை ஒருமுறையாவது பிடித்துப் பார்த்தாரா? பத்து நிமிஷத்தில் பாலும் பிரெட்டும் போய்ச் சேரவேண்டும் என்று உன்னை விரட்டிய கம்பெனியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. திங்கட்கிழமை நான் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் வழக்கு முடிந்தது. தப்பு உன்னுடையது.

பாபு அண்ணன் துக்கம் கேட்க வந்தார். சர்வீஸ் பில் அங்கேதான் வாங்கவேண்டும் என்று உன் கம்பெனி கட்டாயப்படுத்தியதே, அதே ஒர்க்‌ஷாப்காரர்.

"வண்டிய ஏன்டா சும்மா போட்டு வெச்சிருக்க? குடு, பிரேக் ஆயில்ல ஏறுன காத்த எடுத்து ஜம்முனு ஆக்கித் தர்றேன். ஃப்ரீ."

"எதுக்குண்ணா ஃப்ரீ?"

"நம்ம சுமதி வண்டிடா. அது எனக்குத் தங்கச்சி மாதிரி."

தங்கச்சிக்கு ஒரு நட்டுகூட ஓசியில் போடாதவர். பிரேக் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவர் ஏன் எடுத்தார்?

அம்மா அந்த வண்டி கண்ணில் படக்கூடாது, விற்றுவிடு என்கிறாள். பஞ்சு மாதிரி அமுங்கும் பிரேக்கோடு இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இன்று காலை நானே உட்கார்ந்தேன்.

என் பழைய பைக்கின் பிரேக்கில் காற்று எடுத்தபோது நீ மேலே லிவரைப் பிடித்தாய், நான் கீழே சக்கரத்தருகே காற்றும் ஆயிலும் வெளியேறும் நட்டைத் திறந்தேன். "விடாதக்கா!" "விடலடா எருமை, நீ மூடு மொதல்ல!" நம் ஜோகுபாளையம் முழுக்கக் கேட்டிருக்கும்.

இன்று தெருவில் யாரையும் கூப்பிடவில்லை. யார் போய் பாபு அண்ணனிடம் சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? லிவரை அமுக்கி, சைக்கிள் ட்யூப் துண்டால் ஹேண்டிலோடு இழுத்துக் கட்டினேன். நட்டின் முனையில் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் புது பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கினேன். காற்று திரும்ப ஏறாது. உன் கை இருந்த இடத்தில் ஒரு ரப்பர் துண்டு.

திருப்புவதற்கு நட்டில் ஸ்பேனரை வைத்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், நட்டின் மேல் ஒரு மஞ்சள் கோடு. லிஃப்ட் வேலையில் நாங்களும் இறுக்கிய நட்டிலிருந்து அதன் அடிவரை இப்படித்தான் பெயின்ட் இழுப்போம். யாராவது திருப்பினால் கோடு உடைந்துவிடும். இது உடையவில்லை, அக்கா. வண்டி செய்த இடத்தில் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. மேலே லிவரருகே ஆயில் டப்பாவின் கண்ணாடித் துவாரத்தில் தெரிகிற ஆயில் கறுத்து, காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறது. போன மாதத்துப் பில்லில் 'பிரேக் ஆயில் மாற்றப்பட்டது' என்று முத்திரையோடு இருக்கிறது. இந்த நட்டைத் திறக்காமல் பழைய ஆயிலை எப்படி எடுத்தார்கள்?

கால் சுற்று திருப்பினால் காற்று வெளியே வந்துவிடும். கோடும் போய்விடும். பாபு அண்ணன் ஓசியில் செய்ய நினைத்தது அதைத்தானா?

நீ விழுந்த அந்த வாரம்தான் சொன்னாய்: "லிவர் பஞ்சு மாதிரி போவுதுடா." நான் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "பில்லுல மாத்தியாச்சுன்னு போட்டிருக்கேக்கா" என்றேன். உன் கையைவிட அந்தக் காகிதத்தை நம்பினேன். இன்று ஊரையே சந்தேகப்படுகிறவன் அன்று ஏன் அதைச் சந்தேகப்படவில்லை?

நட்டைத் திருப்பாமல் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். கோட்டைப் படம் எடுத்தேன். வண்டியை விற்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை கையெழுத்துப் போடமாட்டேன். வண்டியை ஸ்டேஷன்வரை தள்ளிக்கொண்டே போவேன். அந்த ஏட்டை வெளியே கூப்பிட்டு லிவரைப் பிடிக்கச் சொல்வேன். நீ சொன்னதை அவர் கையும் சொல்லட்டும். அதுவரை அந்த நட்டை யாரும் தொடக்கூடாது, நானும்தான்.

இந்த முறை நீ கத்தாமலே விடாமல் பிடித்திருக்கும்,
உன் எருமைத் தம்பி,
குமார்