சாராயக்கடைப் பாட்டுக்குக் கும்மி தட்டினேன்

அம்மாவுக்கு,

சௌக்கியமுங்களா? அப்பாவுக்கு முட்டி வலி தேவலைங்களா? போன்ல சொன்னா பாதியிலயே திட்டுவீங்க, அதனால எழுதறேன்.

லண்டன்ல நான் சேர் போடற கச்சேரி ஹால்ல, முந்நூறு வருசத்துக்கு முந்தி இங்கத்த சாராயக்கடையில பாடுன பாட்டுகளை நேத்து வாசிச்சாங்க. நான் குடிக்கலைங்க, பயப்படாதீங்க. வயலின், மரப் புல்லாங்குழல், நீளக் கழுத்து வெச்ச வீணையாட்டம் ஒண்ணு, கூடப் பாடறதுக்கு நாலஞ்சு பேரு. என்னா வாசிப்புங்க! ஒருத்தர் பாடற வரியை அடுத்தவர் தொரத்திப் பிடிக்கறாரு, அவரை இன்னொருத்தர் தொரத்தறாரு. சனம் மட்டும் ஆஸ்பத்திரியில ஒக்காந்தாப்பல கம்முனு இருக்குது. எனக்குப் பொறுக்கல. கதவோரம் நின்னுட்டு, நீங்க வள்ளி கும்மிக்குத் தட்டற மாதிரியே ஓங்கித் தட்டிபோட்டேன்.

ஹாலே திரும்பிப் பாத்துச்சு. மேனேஜர் மொறைச்சாரு. இன்னும் நிரந்தரமாகாத வேலை, பாதியில நின்னுபோன காலேஜாட்டம் இதுவும் போச்சுன்னு நெனச்சேன். பாடிட்டிருந்த அம்மணி நிறுத்திட்டு, "இப்பத்தான் சாராயக்கடையாட்டம் இருக்குது! நீ தட்டு தம்பி, நாங்க பாடறோம்"னாங்க. அப்புறம் மொத்த ஹாலும் தட்டுச்சு, மேனேஜர் உள்பட. வேலை தப்பிச்சுதுங்க.

அந்தம்மா கும்மிப் பாட்டு கேக்கணுங்கறாங்க. ஊட்டுல ஒக்காந்து போன்ல பாடி அனுப்புங்க. முழுசாப் பாடுங்க, நானும் போட்டுக் கேப்பேன். ரூம்ல ஆருமில்ல, சத்தமா இருந்தாலும் தொந்தரவில்லைங்க. நடுவுல அப்பா இருமுனா, கூப்பிட்டா, அதை அழிச்சுபோடாதீங்க. அப்படியே அனுப்புங்க.

பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஓடறேன்.

நிரஞ்சன்