அப்பாவின் பிஸ்கட் டின்

ஜூன் 14, சனி. ஏலப்பாறை.

எஸ்டேட் லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். அப்பாவின் பிஸ்கட் டின்னுக்குள் பழைய போட்டோக்கள். எல்லாவற்றிலும் அப்பா இந்தியப் பட்டாள உடுப்பில், துப்பாக்கியோடு நிற்கிறார். பின்னால் பனைமரங்கள். ஒரு கடைப்பலகையில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. படங்களின் பின்பக்கம் 1987, 1988 என்று எழுதியிருக்கிறது. அந்த வருடங்களில் பம்பாய் மில்லில் வேலை பார்த்ததாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்.

ஒரு படத்தில் மட்டும் அவர் காலடியில், கண்கள் கட்டப்பட்ட ஒரு பையன் மண்டியிட்டிருக்கிறான். என் மகன் வயதுதான் இருக்கும். அதை எடுத்து ஒளித்துவைத்தேன்.

சாயங்காலம் அப்பா டின்னைப் பார்த்துவிட்டார். படங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பாமலே, "ஒண்ணு கொறையுதேடா" என்றார்.

தெரியாது என்றேன்.

இன்னும் அவர் படுக்கவில்லை. அடுப்பையும் அணைக்கவில்லை.