கமலநாதன் அண்ணன் அளந்த வெயில்

அன்புள்ள அப்பாவுக்கு,

கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்கிறீர்களா? பிரிக்பீல்ட்ஸில் நான் நலம்.

மண்ணும் மரங்களும் காற்றின் வெப்பத்தை எப்படி மாற்றுகின்றன என்று கணினியில் கணக்கிடுகிறேன் அல்லவா? ஜெஞ்சாரோம் செம்பனைத் தோட்டத் தொழிலாளி கமலநாதன் அண்ணன் அங்கிருந்து தினமும் அளந்து அனுப்பிய வெப்பம் என் கணக்கைவிட அதிகமாக இருந்தது. அவர்தான் தப்பாகப் பார்க்கிறார் என்று அவர் அனுப்பிய எண்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். நேற்று நேரில் போனேன். பழைய மரங்களை வெட்டிவிட்டுச் சின்னக் கன்றுகள் நட்டிருந்தார்கள். வெறும் மண் கொதித்தது. நான் கணினியில் அடர்ந்த தோட்டம் என்று பதிந்திருந்தேன்.

அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

"மூணு மாசம் வெயில்ல நின்னேன் தம்பி. ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா," என்றார்.

திரும்பி வந்ததும் அவர் எண்களை மறுபடி சேர்த்து, என் தவற்றையும் அறிக்கையில் எழுதிவிட்டேன்.

அம்மாவின் நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். ஞாயிறன்று நீங்களே கூப்பிடுங்கள். பேராசிரியர் காத்திருக்கிறார், போகிறேன். மகன் விஞ்ஞானி என்று கொஞ்ச நாள் யாரிடமும் சொல்லாதீர்கள், அப்பா.

யுகேந்திரன்