வேங்கைப் படிக்கு எந்த நிறம்

என்னங்க, வீடு முழுக்க ஸ்பிரிட்டும் அரக்குமாக மணக்கிறது. மாடிப்படிக்குப் பாலிஷ் போட ஆள் வந்திருக்கிறார். "தரைக்குச் சேரணுமா, நெலைக்குச் சேரணுமா, சொல்லுங்கம்மா" என்று நிற்கிறார். உங்களைக் கேட்கலாமென்று திரும்பினால், நீங்கள் படத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கள்ளக்குறிச்சியில் நாம் இந்த வீட்டைக் கட்டியபோதும் இதே கேள்விதான். தரை சிவப்புச் சிமெண்ட், கதவு நிலை தேக்கு, படிக்கு மட்டும் மலிவாகக் கிடைத்த வேங்கை. "செவப்புக்குப் பக்கத்துல செவப்பு ஜாஸ்தி வந்தா கண்ணு கூசும். தேக்குக்குத் தங்கச்சி மாதிரி இருக்கணும்மா" என்பீர்கள். மிச்சத் துண்டுகளில் மூன்று பாலிஷ் கலவை பூசிப் பின்கட்டில் காயவைத்திருந்தீர்கள். நான் அவற்றை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். விறகென்று நினைத்தேன், வேறென்ன! நன்றாகவே எரிந்தன. தேடிவந்து அடுப்பைப் பார்த்தீர்கள், சாம்பலைக் கிளறிவிட்டுப் போனீர்கள்.

வேறு துண்டு இல்லாததால் படியிலேயே பூசிப் பார்த்தீர்கள். முதல் படி மஞ்சள், அடுத்தது காப்பி, மூன்றாவது கருஞ்சிவப்பு. காப்பி பிடித்துப்போய், எல்லாப் படிக்கும் அதையே பூச உளுந்தூர்பேட்டைக்குச் சொல்லி அனுப்பினீர்கள். அந்த வாரம் பார்த்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பாலிஷும் இல்லை.

கிரகப்பிரவேசத்துக்கு அப்பா வருவதாக இருந்தது. அவர் பேச்சை மீறி உங்களைக் கட்டிக்கொண்டதற்காக நான்கு வருஷம் என் முகத்தில் விழிக்காதவர். "அவன் கட்டுன வூட்ட வந்து பாக்கறேன். மனசுக்குச் சரின்னு பட்டா பேசறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். படியைப் பார்க்கப் பார்க்க, அப்பா என்ன சொல்வாரோ என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அடுப்பில் வைத்தது யார் என்பதை வசதியாக மறந்துவிட்டு, "ஒரு கலரு பாக்கத் தெரியல உங்களுக்கு" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். 

தியாகதுருகத்திலிருந்து நடந்தே வந்தார் அப்பா. முழங்கால் வரை புழுதி. நேரே படிக்குத்தான் போனார்.

"யாரு இப்படிப் படிக்கொரு கலரு அடிச்சது?"

"நான்தாங்க. தெரியாம பண்ணிட்டேன்" என்றீர்கள், கையைக் கட்டிக்கொண்டு. என் பெயரை இழுத்திருக்கலாம். பாவி மனுஷன், இழுக்கவில்லை.

அப்பா உங்களைப் பார்த்தார். தலை குனிந்து நின்ற என்னையும் பார்த்தார். "துண்டு மரத்துல பூசிப் பாக்கறதுதானே? இன்னா, அடுப்புல வெச்சிட்டாளா?"

நான் திருதிருவென்று விழித்தேன்.

"எங்க வூட்ல கலப்பையவே அடுப்புல சொருவனவ இவ. நீங்கதான் உஷாரா இருக்கணும், மாப்ள."

மாப்ள! நான்கு வருஷம் ஏங்கிய சொல். இருவரும் படியில் உட்கார்ந்து, என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தீர்கள். கோபமும் அழுகையும் சேர்ந்து வர, நான் உள்ளே ஓடிவிட்டேன்.

அன்று கத்தியதற்கு உங்களிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் எதிர்பார்க்கவில்லை. இன்றைக்கும் யாராவது என்னைக் குற்றம் சொன்னால் உடனே பதில் பேசமாட்டேன். "நான்தாங்க" என்று உங்கள் குரல் வருமென்று ஒரு கணம் காத்திருக்கிறேன்.